கணினி விழித்துவிட்டது, மானிட்டர் ஏன் விழிக்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: மேசைக் கணினி தானாக உறக்கநிலைக்குப் போகிறது. திரும்பி வந்து ஒரு விசையைத் தட்டினால் உள்ளே மின்விசிறி சுழல்கிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால் எதுவுமே நடக்காததுபோல் எல்லாம் வந்துவிடுகிறது. விண்டோஸ் 11, தனி கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டருக்குப் படம் கொண்டுபோக டிஸ்பிளேபோர்ட் வகை இணைப்பு. கேபிளை ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டீர்கள். மானிட்டரை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா என்பது கேள்வி.

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். மானிட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தால் கணினியைப் புதிதாகப் போடும்போதும் பெரும்பாலும் தகராறு செய்யும். கார்டு கெட்டிருந்தால் வேலைக்கு நடுவிலும் படம் சிதறும், அறுந்துபோகும். உங்களுக்கோ உறங்கி எழும் அந்த ஒரு தருணத்தில் மட்டும்தான் சிக்கல். அந்தத் தருணத்தில் கணினியும் மானிட்டரும் கேபிள் வழியாகச் சில நொடிகளில் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. பேச்சு எங்கே முறிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பலருக்கும் இது ஒரு பைசா செலவில்லாமல், ஓர் அமைப்பை மாற்றியதிலேயே தீர்ந்திருக்கிறது.

அதற்கு முதலில், திரை கறுத்து நின்றவுடன் பவர் பட்டனை நோக்கிக் கை போவதை நிறுத்த வேண்டும். திறந்திருக்கும் கோப்புகள் பாழாகலாம் என்பது ஒருபுறம். அதைவிட முக்கியம், கோளாறு கண்முன்னே நிற்கும் அந்த ஓரிரு நிமிடங்கள்தான் உங்களிடம் இருக்கும் சாட்சி. அணைத்துப் போட்டுவிட்டால் சாட்சி போய்விடும். பிறகு ஊகம்தான் மிஞ்சும்.

மின்விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆகவே கணினி விழித்துவிட்டது என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவு அவசரமானது. மின்விசிறி சுழல்வது மின்சாரம் வந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். கீபோர்டின் பின்னொளியும் அப்படித்தான். பல மதர்போர்டுகளில் கணினி உறங்கும்போதுகூட யு.எஸ்.பி. துளைகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். நம்பத்தக்க சோதனை கேப்ஸ் லாக் விசை. அதை அழுத்தியதும் விளக்கை ஏற்றுவது கீபோர்டு அல்ல. செய்தி கணினிக்குப் போய், விண்டோஸ் அதை வாங்கிக்கொண்டு, விளக்கை ஏற்று என்று திருப்பி உத்தரவு அனுப்பினால்தான் அது எரியும். ஆகவே கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்து கேப்ஸ் லாக்கை நான்கைந்து முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, திரைக்குப் போகும் பாதையில்தான் தடை. விளக்கு அசையவே இல்லை என்றால் கணினியே எழவில்லை, அல்லது எழும்போது உறைந்துவிட்டது. இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) மாற்று, பயாஸை (மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பி என்று இறங்கியவர்கள் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு இல்லாத கீபோர்டு என்றால், உறங்கவிடும் முன் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். எழுப்பியபின் கடவு எண்ணைத் திரையைப் பார்க்காமலே தட்டி, கீபோர்டின் பாட்டு விசையை அழுத்துங்கள். ஒலி வந்தால் கணினி விழித்திருக்கிறது. மானிட்டரின் ஒலிபெருக்கியை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். அதே கேபிளில் வரும் ஒலி அது. ஹெட்போனைக் கணினியில் செருகிக் கேளுங்கள்.

அடுத்து மானிட்டரைப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எந்த நிறத்தில் இருக்கிறது? விழித்திருக்கும் நிறமா, உறக்கத்தின் ஆரஞ்சா, விட்டுவிட்டு மின்னுகிறதா? மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனுவோ “சிக்னல் இல்லை” என்ற அறிவிப்போ தோன்றினால் திரைப் பலகையும் பின்னொளியும் நன்றாக இருக்கின்றன, படம் மட்டும் வந்துசேரவில்லை. விளக்கு விழிப்பு நிறத்தில் இருந்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால், அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி ஏறவில்லை. அது மானிட்டரின் உள்கோளாறு. கணினியைத் தொடவே வேண்டாம்.

கேப்ஸ் லாக் எரிகிறது, மானிட்டர் மட்டும் ஆரஞ்சில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அப்போது மென்மையானதிலிருந்து வன்மையானதை நோக்கி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு சிறு பீப் ஒலியோடு கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. பத்து நொடி பொறுங்கள். வரவில்லையா? மானிட்டரை அதன் சொந்தப் பட்டனால் அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மானிட்டரின் மின்கம்பியைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். பட்டனால் அணைத்தாலும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும், பிடுங்கினால்தான் அது முழுதாக மறந்து எழும். கடைசியாக டிஸ்பிளேபோர்ட் கேபிளைக் கணினியின் பக்கம் கழற்றி மாட்டுங்கள். கழற்றும்போது தலையிலுள்ள கொக்கியை அழுத்தியபடி இழுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டின் துளை சேதமாகும். எந்தப் படியில் படம் வந்தது என்பதைக் குறித்துவையுங்கள். டிரைவரை எழுப்பியதும் வந்தால் சந்தேகம் கணினிப் பக்கம் சாய்கிறது. மானிட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் வருகிறது என்றால் மானிட்டர் பக்கம். கேபிளைக் கழற்றி மாட்டினால்தான் என்றால், இருவருக்கும் இடையே நடக்க வேண்டிய கைகுலுக்கல் நடக்கவில்லை.

இதோடு இன்னொரு சோதனையையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எவருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் பகுதிக்குப் போய், திரை 1 நிமிடத்தில் அணையட்டும், கணினி ஒருபோதும் உறங்க வேண்டாம் என்று அமையுங்கள். இரண்டு நாள் அப்படியே ஓடட்டும். திரை மட்டும் அணைந்து எழும்போதும் சிக்கல் வருகிறது என்றால், கணினி உறங்கவே இல்லை; உறக்கநிலை, பயாஸ், நினைவகம் பற்றிய அறிவுரைகள் அத்தனையையும் ஓரமாக வைத்துவிடலாம். திரை மட்டும் அணையும்போது ஒழுங்காக எழுந்து, முழு உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் முரண்டு பிடித்தால் டிரைவரும் பயாஸும் விசாரணைக்கு உரியவை.

கேபிளில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். பழைய வி.ஜி.ஏ. கேபிள் காலத்தில் இந்த வேலை மிக எளிமையாக இருந்தது. படத்தின் வரிகளை ஒழுங்குபடுத்த இரண்டு துடிப்புகள் கேபிளில் வந்துகொண்டிருக்கும். அவை நின்றால் மானிட்டர் தூங்கும், வந்தால் எழும். திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1993-இல் வகுத்த முறை அது. இன்று அப்படி இல்லை. மானிட்டர் முதலில், நான் இருக்கிறேன் என்று ஒரு தனிக் கம்பியில் மின்னழுத்தம் காட்ட வேண்டும். எச்.டி.எம்.ஐ.யில் அது 19-ஆம் பின் (கேபிள் தலையிலுள்ள உலோக முனை), டிஸ்பிளேபோர்ட்டில் 18-ஆம் பின். அதைக் கண்டபின் கணினி, உன்னால் எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்று கேட்கும். மானிட்டர் குறைந்தது 128 பைட் அளவுள்ள ஒரு தகவல் அட்டையைக் கொடுக்கும். டிஸ்பிளேபோர்ட் என்றால் அதற்குப் பிறகும் ஒரு படி உண்டு: எந்த வேகத்தில், எத்தனை தடங்களில் அனுப்பினால் பிழையில்லாமல் வந்துசேரும் என்று இருவரும் ஒத்திகை பார்த்து முடிவு செய்வார்கள். இதெல்லாம் ஒழுங்காக முடிந்த பிறகுதான் முதல் படம் திரையில் தோன்றும்.

இப்போது டிஸ்பிளேபோர்ட் மானிட்டர்கள் பலவற்றில் உள்ள ‘டீப் ஸ்லீப்’ என்ற ஆழ்ந்த உறக்கத்தைப் பாருங்கள். மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக, சிறிது நேரம் படம் வராவிட்டால் மானிட்டர் தன் உள்சிப்பையும் ஏறக்குறைய அணைத்துவிடும். அப்படி அணையும்போது, நான் இருக்கிறேன் என்று சொல்லும் மின்னழுத்தமும் சில மாடல்களில் விழுந்துவிடுகிறது. கணினியைப் பொறுத்தவரை மானிட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் விசையைத் தட்டியதும் கணினி எழுந்து பார்க்கிறது, எதிர்முனையில் ஆள் இல்லை, எனவே படம் அனுப்பவில்லை. மானிட்டரோ படம் வந்தால் எழலாம் என்று காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அப்படியே நிற்கும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. சில நாள் தானாக எழும்போது, திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் சுருங்கி ஒரு மூலையில் குவிந்திருந்தால், அல்லது வேறு திரைக்கு இடம் மாறியிருந்தால், மானிட்டர் காணாமல் போய்த் திரும்பி வந்தது என்று பொருள்.

ஆகவே மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போய்த் தேடுங்கள். ‘டீப் ஸ்லீப்’, ‘டிபி டீப் ஸ்லீப்’, ‘பவர் சேவிங்’ என்று பெயர் மாறி மாறி இருக்கும். சிஸ்டம் அல்லது அதர் செட்டிங்ஸ் பகுதியில் ஆழத்தில் புதைந்து கிடக்கும். அதை அணைத்துவிடுங்கள். உள்ளீட்டைத் தானாகத் தேடும் ‘ஆட்டோ இன்புட்’ வசதியையும் அணைத்து, டிஸ்பிளேபோர்ட் என்று கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். தானாகத் தேடும் மானிட்டர் ஒவ்வொரு துளையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருவதற்குள் கணினி பேச ஆரம்பித்து முடித்தும்விடலாம். இந்த இரண்டு அமைப்புகளை மாற்றியதிலேயே பல வழக்குகள் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் தீராவிட்டால் சோதனைக்காக ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதில் கணினி 18-ஆம் பின் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் தூங்கினாலும் அதன் தகவல் அட்டையை அந்த மின்சாரத்தில் படித்துவிட முடியும். எச்.டி.எம்.ஐ.யில் சிக்கல் மறைந்தால் குற்றவாளி யார் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. அந்தத் துளையில் படத்தின் புதுப்பிப்பு வேகம் குறையலாம், சோதனைக்கு அது பரவாயில்லை.

கேபிளை மாற்றிவிட்டேன் என்று சொன்னீர்கள். அதே வகையில், அதே தரத்தில் இன்னொன்றை மாட்டியிருந்தால் அதை மாற்றியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். டிஸ்பிளேபோர்ட்டின் 20-ஆம் பின் பற்றிப் பலருக்கும் தெரிவதில்லை. அதில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும், ஒரு வகை இணைப்பை இன்னொன்றாக்கும் மாற்றிகள் போன்ற சிறு கருவிகளுக்காக வைத்தது. கணினிக்கும் மானிட்டருக்கும் இடையே போகும் சாதாரணக் கேபிளில் அந்தப் பின்னை இணைக்கவே கூடாது என்பது விதி. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இருமுனையையும் இணைத்துவிடுகிறார்கள். விளைவு, மானிட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கார்டுக்குள் கசிகிறது. அணைந்திருக்க வேண்டிய சிப் அரைகுறையாக உயிரோடு இருக்கிறது, எழும்போது தடுமாறுகிறது.

இதை என் மேசையிலேயே பார்த்தேன். கணினி எழும்போது திரை வராத சிக்கலுக்காக டிரைவரை மூன்று முறை மாற்றி, பயாஸைப் புதுப்பித்து, மூன்று வாரம் ஓடியிருந்தது. ஒருநாள் தூசு தட்டுவதற்காகக் கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினேன். வேறு வேலை வந்து போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மாலை இருட்டில் திரும்பி வந்தால், மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு, தீக்குச்சி அணையும்போது தெரியும் கங்கு போல, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மின்கம்பி தரையில் கிடக்கிறது, விளக்கு எரிகிறது. மானிட்டர் கேபிளைக் கழற்றினேன், விளக்கு அணைந்தது. மாட்டினேன், எரிந்தது. மல்டிமீட்டரை எடுத்துக் கேபிளின் இருமுனைகளிலும் 20-ஆம் பின்னைத் தொட்டுப் பார்த்தபோது தொடர்ச்சி இருந்தது, இருக்கக் கூடாத தொடர்ச்சி. வெசா சான்று பெற்ற ஒரு கேபிளை மாட்டியதோடு அந்தச் சிக்கல் போனது, திரும்ப வரவில்லை. உங்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். இல்லையென்றால் சான்றுள்ள, 2 மீட்டருக்கு மிகாத ஒரு கேபிளை இரவல் வாங்கிப் பாருங்கள்.

நடுவில் மாற்றியோ, இரண்டு கணினிக்கு ஒரு மானிட்டர் என்று பயன்படுத்தும் சுவிட்ச் பெட்டியோ இருந்தால் சோதனை முடியும்வரை எடுத்துவிடுங்கள். டிஸ்பிளேபோர்ட்டை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் மாற்றிகள் பலவற்றுக்குள் தனிச் சிப் ஒன்று இருக்கிறது. அதுவும் உறங்கும், அதுவும் எழ மறுக்கும். மானிட்டர் கேபிள் தனிக் கார்டில்தான் இருக்கிறதா, மதர்போர்டின் துளையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பக்கம் வருவோம். அணைத்துப் போட்ட பிறகு, விண்டோஸ் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் ‘பவர் டிரபிள்ஷூட்டர்’ என்ற பெயரில், எண் 1 கொண்ட பதிவைத் தேடுங்கள். எப்போது உறங்கியது, எப்போது எழுந்தது, எது எழுப்பியது என்று மூன்றும் அதில் இருக்கும். நீங்கள் விசையைத் தட்டிய நேரத்தில் அந்தப் பதிவு இருந்தால் விண்டோஸ் எழுந்துவிட்டது என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் கிடைத்துவிட்டது. ‘டிஸ்பிளே’ என்ற பெயரில் 4101 எண் தென்பட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டிருக்கிறது. ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம், அதன் பின்னால் ஓடவும் வேண்டாம். நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததைத்தான் அது பதிவு செய்திருக்கிறது.

டிரைவரைப் பற்றி என் கருத்து: புதியது எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். சிக்கல் எந்த நாளில் தொடங்கியது, அதற்குச் சற்று முன் டிரைவர் மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் சென்று பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். மாறவில்லை என்றால் கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, சுத்தமான நிறுவல் என்ற தேர்வோடு நிறுவுங்கள். பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட பகுதியில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்பதன் கீழ் ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’ என்று ஒன்று இருக்கும். அதையும் அணைத்துப் பார்க்கலாம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை அணை என்று எல்லோரும் சொல்வார்கள். அது கணினியை அணைத்துப் போடும் முறையைச் சேர்ந்தது, உறக்கத்துக்கு நேரடித் தொடர்பில்லை. ஆனால் அது இயங்கும்போது ஷட் டவுன் செய்து போட்டாலும் டிரைவர்கள் முழுதாகப் புதிதாக ஏறுவதில்லை என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையாத வழக்கு வேறு. வழக்கமான உறக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க, மற்றவை அணைந்துவிடும். எழும்போது நினைவகத்தில் இருப்பது ஓர் எழுத்துக்கூடப் பிசகக் கூடாது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற பெயரில் நினைவகத்தின் வேகத்தைக் கூட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். பகல் முழுக்கப் பிசகாமல் ஓடும் கணினி உறங்கி எழும்போது மட்டும் உறைவதற்கு இது அடிக்கடி காணும் காரணம். பிறகு பயாஸைப் புதுப்பிப்பது. அதன்பின் கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற யு.எஸ்.பி. கருவிகளைக் கழற்றிச் சோதிப்பது. கணினி பழையது என்றால் மின்வழங்கிப் பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும். உறங்கும் கணினியைத் தாங்குவது அதிலிருந்து வரும் ஊதா நிறக் கம்பியின் 5 வோல்ட் மட்டும்தான். அது தளர்ந்துவிட்டால் கணினி விட்ட இடத்திலிருந்து எழாமல், முதலிலிருந்து தொடங்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி: கறுப்புத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். எழுத்துத் திரை தோன்றினால் கேபிளும் மானிட்டரும் சரி. வரைகலைப் பக்கம்தான் எழவில்லை.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது ஐந்தாறு முறை உறங்கி எழுந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அதுவரை அவசர வேலை கெடாமல் இருக்க, உறக்கத்துக்குப் பதிலாக ஹைபர்னேட் வைத்துக்கொள்ளலாம். அதில் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவதால், எழும்போது மானிட்டரோடு பேச்சும் முதலிலிருந்து தொடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால் உங்கள் மானிட்டரை டிஸ்பிளேபோர்ட்டிலேயே வேறொரு கணினியில் மாட்டி உறங்கவிட்டு எழுப்பிப் பாருங்கள். அங்கேயும் எழவில்லை என்றால் அது மானிட்டரின் கோளாறுதான், உத்தரவாதக் காலம் இருந்தால் கொண்டுபோகலாம். போவதற்கு முன், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைவதும் மானிட்டர் ஆரஞ்சில் நிற்பதும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் மேசையில் கம்பியைச் செருகிய உடனே அது ஒழுங்காகப் படம் காட்டும். கோளாறு இல்லை என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார்கள். உறங்கி எழும்போது மட்டும், டிஸ்பிளேபோர்ட்டில் மட்டும், இரண்டு கணினிகளிலும் என்று இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்து, வீடியோவைக் காட்டி, அரை மணி நேரம் உறங்கவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.